மஞ்சள் கோட்டு

அந்தப் போர்வையைத் தைத்து முடிக்க வெர்னீஸுக்கு இரண்டு வருஷம் பிடித்தது. துணியை ஆட்களாகவும் வீடுகளாகவும் வெட்டி, போர்வைமேல் வைத்துத் தைத்துக் கதை சொல்வது அவள் தொழில். இந்தத் தடவை, பத்தொன்பது வருஷத்துக்கு முன்னால் கெளுத்தி மீன் ஆலையில் நடந்த வேலைநிறுத்தம். ஆலை வாசலில் நாற்பது பெண்கள் நின்றார்கள். ஒவ்வொருத்தியையும் அவளவள் பழைய உடுப்பிலிருந்தே வெட்டியிருந்தாள். ஒருத்தி மட்டும் மஞ்சள் கோட்டுப் போட்டு, முதுகைக் காட்டியபடி உள்ளே போனாள்.

மிசிசிப்பியின் அந்தச் சின்ன ஊரில் அது யார் என்று எவருக்கும் சொல்ல வேண்டியதில்லை. வெர்னீஸின் அக்கா எர்லீன்.

ஜாக்சன் நகர அருங்காட்சியகத்துக்கு அனுப்புவதற்கு முந்தின ஞாயிறு, ஆராதனை முடிந்து சர்ச் கூடத்தில் போர்வையைத் தொங்கவிட்டார்கள். சாவு வீடுகளில் தவிர அக்காவும் தங்கையும் பேசிக்கொள்வதில்லை. எர்லீன் நேராக வந்து மஞ்சள் கோட்டின் முன்னால் நின்றாள்.

"இது நான்தானே?"

"ஆமா."

"மூஞ்சி எங்கடீ?"

"அன்னைக்கு நாங்க பாத்தது முதுகைத்தானே."

"ஏன் உள்ள போனேன்னு ஒரு நாளாவது கேட்டியா?"

"கேக்கல. இப்ப சொல்லு."

"பயம். புருஷனுக்கு முடியல, அது இதுன்னு எனக்காக யார் யாரோ சொன்னாங்க. எல்லாம் பொய். வேலை போயிடும்னு பயந்தேன், அவ்வளவுதான். ஆனா ஆலை கேட்டைத் தாண்டுற வரைக்கும் திரும்பித் திரும்பி உன்னைப் பாத்துட்டுதான் போனேன். நீ கையில இருந்த கோஷ அட்டையைத் தூக்கி மூஞ்சியை மறைச்சுக்கிட்டே."

அக்காவைப் பார்க்கக் கூடாதென்றுதான் அன்று வெர்னீஸ் அட்டையைத் தூக்கியிருந்தாள்.

மறுநாள் ஜாக்சனுக்குப் போன் போட்டு ஒரு வாரம் தவணை கேட்டாள். போர்வையின் மூன்று அடுக்குத் துணியையும் சேர்த்துப் போட்ட தையலை மஞ்சள் கோட்டு இருந்த இடத்தில் மட்டும் பிரித்தாள். முகம் தைக்க எர்லீன் எதிரே உட்கார வேண்டியிருந்தது. மூன்று சாயங்காலம் வந்து உட்கார்ந்தாள். பேச்சு அதிகமில்லை. "மூக்கை இவ்வளவு பெருசா வைக்காதடீ" என்றாள் ஒரு தரம். "இருக்கிறதைத்தான் வைக்கிறேன்" என்றாள் வெர்னீஸ்.

வேலைநிறுத்தத்தில் முன்னால் நின்ற ரோசெட்டா விஷயம் கேள்விப்பட்டு வந்தாள்.

"பசியோட நின்னது நாம. காட்டிக்கொடுத்தவளுக்கு மூஞ்சி ஒரு கேடா?"

"கோட்டை எடுக்கல ரோசெட்டா. உள்ள போனதையும் மாத்தல. அவ திரும்பிப் பாத்ததையும் சேத்துத் தச்சிருக்கேன்."

ரோசெட்டா முகம் கொடுக்காமல் போய்விட்டாள்.

திறப்பு நாளுக்கு சர்ச் பஸ்ஸில் எல்லோரும் ஜாக்சன் போனார்கள். எர்லீனும் ஏறினாள். அவள் பக்கத்து இருக்கை காலியாகவே இருந்தது. கடைசியாக ஏறிய ரோசெட்டாவுக்கு உட்கார வேறு இடமில்லை.

"தள்ளி உக்காரு" என்றாள்.

எர்லீன் ஜன்னலோரம் நகர்ந்துகொண்டாள். இருவரும் ஜாக்சன் வரை ஒரு வார்த்தை பேசவில்லை. ஆனால் ரோசெட்டா பொரித்த கோழி டப்பாவைத் திறந்தபோது முதல் துண்டை அவள் பக்கம்தான் நீட்டினாள்.