உலர் அறையில் ஒரு சொற்பொழிவு

உலர் அறைக் கதவில் ஒட்டியிருந்த விதிகளைத் தானே எழுதியவர் என்பதால், அவற்றைப் படிக்கும்போதெல்லாம் தர அதிகாரி வறட்சிக்கு லேசாகப் புல்லரிக்கும். உள்ளே நான்கு பேருக்கு மேல் நிற்கக் கூடாது. கதவைத் திறந்து போடக் கூடாது. தேநீர், குடை, ஈரத் துணி அறவே கூடாது. தேவையின்றிப் பேசக் கூடாது. மூச்சிலும் ஈரம் உண்டு. இந்தக் கடைசி விதியை எழுதிய அன்று வீட்டில் மனைவியிடம் இரண்டு முறை வாசித்துக் காட்டினார். "நல்லாத்தான் இருக்கு. அதுக்குக் கீழ உங்க ஃபோட்டோவையும் ஒட்டிடுங்க" என்றாள் அவள்.

வறட்சி என்பது அந்தக் காலணித் தொழிற்சாலையின் தர அதிகாரிக்கு பேக்கிங் பெண்கள் வைத்த பெயர். அதைப் பட்டமளிப்பு விழாவில் வாங்கியதுபோல அவர் சந்தோஷமாக ஏற்றுக்கொண்டிருந்தார். போன மழைக்காலத்தில் கப்பலேறிய தோல் காலணிகள், போய்ச் சேர்ந்த ஊரில் பெட்டியைத் திறந்தபோது பச்சையாகப் பூஞ்சை ரோமம் முளைத்துப் பூனைக்குட்டிகள்போல இருந்தனவாம். மொத்தமும் திரும்பி வந்தது. இன்னொரு முறை இப்படி நடந்தால் பேக்கிங் பிரிவையே மூடிவிட்டு வேலையை வெளியாளிடம் கொடுத்துவிடுவதாக முதலாளி சொல்லிவிட்டார். பேக்கிங் பிரிவுக்குத் தலைவி வறட்சியின் மனைவி. அவளும் அவளை அக்கா என்று கூப்பிடும் பெண்களும், கூடவே வறட்சியும் மூட்டை கட்ட வேண்டியதுதான். "வேலை போனாக்கூடப் பரவால்ல. நாள் பூரா வீட்ல உக்காந்து நீங்க பேசறதக் கேக்கணுமே" என்பது அவள் கவலை.

அப்படிப் பிறந்ததுதான் உலர் அறை. ஒரு மூலையில் காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும் இயந்திரம். சுவரோரமாக மூடி முத்திரையிட்ட டின்கள். உள்ளே சிலிக்கா ஜெல் பொட்டலங்கள். டின்னைத் திறந்ததும் காலணிப் பெட்டிக்குள் போட்டு மூடிவிட வேண்டும். இல்லையென்றால் அந்தப் பொட்டலங்கள் பெட்டியின் ஈரத்தைக் குடிப்பதற்குப் பதில் ஊரின் ஈரத்தையெல்லாம் குடித்து வயிறு நிறைந்து, பெட்டிக்குள் போய்ப் படுத்துத் தூங்கும். அடுத்த டின்கள் வந்து சேர மாதமாகும். சரக்கு ஏற்ற லாரி வரும் நாளோ நெருங்கிவிட்டது.

இவ்வளவும் தெரிந்த மனிதர், முதலாளி "ஒரு திறப்பு விழா வச்சிடலாமா?" என்று கேட்டபோது, வேண்டாம் என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. "வரவேற்புரை நான் பேசட்டுமா சார்?" என்று கேட்டார்.

விழா அன்று மழை கொட்டியது. விருந்தினர்கள் சொட்டச் சொட்ட வந்தார்கள். குடைகளை எங்கே வைப்பது என்று கேட்டார்கள். வெளியே வைத்தால் காணாமல் போகும் என்று உள்ளேயே வைத்தார்கள். பெரிய பாத்திரத்தில் தேநீர் ஆவி பறக்க வந்து இயந்திரத்துக்குப் பக்கத்திலேயே இடம் பிடித்தது. நெரிசலில் கதவை மூட முடியவில்லை. வறட்சி மைக்கைப் பிடித்தார். நான்கு பேர் நிற்க வேண்டிய அறையில் மைக் எதற்கு என்று யாரும் கேட்கவில்லை.

"ஈரம் என்பது எதிரி. கண்ணுக்குத் தெரியாத எதிரி. அது நம்மிடையே எப்படி நுழைகிறது?" என்று தொடங்கினார். நுழைந்துகொண்டேதான் இருந்தது. அவருக்குப் பின்னால் சுவரில் ஈரம் காட்டும் அட்டை ஒன்று இருந்தது. காய்ந்த காற்றில் நீலமாக இருக்கும். ஈரம் ஏறினால் ரோஜா நிறமாகும். 'எதிரியின் வரலாறு' என்ற இடத்துக்கு அவர் வந்தபோது அது வெளிறத் தொடங்கியது. கூட்டம் முழுக்க அட்டையையே பார்த்தது. இத்தனை கண்கள் இப்படி இமைக்காமல் தன்னைப் பார்த்ததே இல்லை என்று அவர் குரலை இன்னும் உயர்த்தினார்.

மனைவி கண்ணைக் காட்டினாள். அவர் புன்னகைத்தார். அவள் இருமினாள். உணர்ச்சிவசப்பட்டுவிட்டாள் பாவம் என்று நினைத்து இன்னும் ஒரு பத்தியைச் சேர்த்துப் பேசினார்.

ஒருவழியாக மைக் முதலாளியின் கைக்குப் போனது. முதலாளிக்கு மைக் என்பது கொடுத்தால் திரும்ப வராத பொருள். தாத்தா தைத்த முதல் ஜோடியில் ஆரம்பித்தவர், பாதி வழியில் சுவரோர டின்களைப் பார்த்துவிட்டார். முகம் மலர்ந்தது.

"சும்மா ரிப்பன் வெட்டிட்டுப் போனா என்ன மரியாதை? வந்திருக்கற பெரியவங்க ஒவ்வொருத்தரும் ஆளுக்கொரு டின்னத் திறந்து வைக்கட்டும்! என்ன சொல்றீங்க?"

"அருமையான யோசனை சார்!" என்றார் வறட்சி. முதலாளி எதைச் சொன்னாலும் வாய் தானாகவே சொல்லும் வாக்கியம் அது. மூளைக்குத் தகவல் பிறகுதான் போகும். கத்தரிக்கோல்கள் கைமாறின. வங்கி மேலாளர் சட்டைக் கையை மடித்துக்கொண்டு முதல் டின் முன்னால் குனிந்தார்.

மனைவி கூட்டத்தைப் பிளந்துகொண்டு வந்து அவர் காதருகே நின்றாள். கோபமாகக்கூட இல்லை. "ஒரு தடவ பின்னாடி திரும்பிப் பாருங்க. அப்புறம் என் பொண்ணுங்க மூஞ்சியப் பாருங்க. போதும்."

அட்டை நல்ல ரோஜா நிறத்தில் இருந்தது. அதற்குக் கீழே பேக்கிங் பெண்கள் வரிசையாக நின்றார்கள். எப்போதும் அவரைக் கண்டால் வாயைப் பொத்திச் சிரிக்கும் கூட்டம் அது. ஒருத்திகூடச் சிரிக்கவில்லை. கத்தரிக்கோல்களையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். வறட்சி கத்தரிக்கோல்களை நோக்கி ஓரடி வைத்தார். வாழ்க்கையில் முதல்முறையாக அவருக்கு முன்னுரை எதுவும் தோன்றவில்லை.

"கீழ வைங்க!" என்று கத்தினார். வங்கி மேலாளர் கத்தரிக்கோலை மட்டுமல்ல, மற்றொரு கையிலிருந்த தேநீரையும் கீழே வைத்தார்.

"எல்லாரும் வெளிய போங்க. தயவுசெஞ்சு. டீயோட, குடையோட, எல்லாத்தோடயும்."

முதலாளி மைக்கைப் பிடித்தபடி திகைத்தார். "நான் இன்னும் முடிக்கலையேப்பா. எங்க அப்பா காலத்துக்கே இப்பத்தான் வரேன்."

"அப்பாவையும் வெளிய கூட்டிட்டுப் போயிடுங்க சார். நீங்க பேசப் பேசத்தான் ஈரம் ஏறுது."

சொன்னது தானா என்று வறட்சியே ஒருமுறை சுற்றிப் பார்த்துக்கொண்டார். அந்த இடைவெளியில் மனைவி தேநீர்ப் பாத்திரத்தைத் தூக்கிக்கொண்டு, "வாங்க சார், எல்லாரும் வாங்க, பலகாரம் வராந்தாலதான் இருக்கு" என்றாள். பெரியவர்கள் அசைய அந்த ஒரு சொல் போதுமாக இருந்தது. முதலாளியும் மைக்கோடு அலையில் அடித்துச் செல்லப்பட்டார். ஒயர் நீளும்வரை நீண்டு, பிடுங்கிக்கொண்டது.

அவள் இரண்டு பெண்களோடு திரும்பி வந்து கதவைச் சாத்தினாள். இயந்திரம் பெருமூச்சோடு வேலையைத் தொடங்கியது. ஒரு டின்னும் திறக்கப்படவில்லை என்று ஒருத்தி தடவித் தடவிப் பார்த்து உறுதிசெய்தாள். இன்னொருத்தி தரையைத் துடைத்தாள்.

"என் சீட்டு கிழிஞ்சிடுச்சுன்னு நெனைக்கறேன்" என்றார் வறட்சி.

"கிழிஞ்சா ஒட்டிக்கலாம்" என்றாள் மனைவி. "மொதல்ல அட்ட நீலமாகட்டும், டின்னப் பிரிக்கணும். வாயத் திறக்காம உக்காருங்க."

உட்கார்ந்தார். கதவில் பதித்த சிறிய கண்ணாடிக்கு அந்தப் பக்கம், வராந்தாவில், முதலாளி பேச்சைத் தொடர்ந்துகொண்டிருந்தார். சத்தம் கேட்கவில்லை. வாய் மட்டும் திறந்து திறந்து மூடியது. கை அடிக்கடி இந்தப் பக்கம் நீண்டு வறட்சியையே சுட்டியது. திட்டா, பாராட்டா, ஒன்றும் பிடிபடவில்லை. கண்ணாடிக்கு மிக அருகில் நின்று பேசியதால் அவர் மூச்சுப் பட்டுப் பட்டு அது வெள்ளையாகப் படர்ந்து, முதலில் வாயும் பிறகு மூக்கும் மறைந்தன. அவர் நிறுத்தினார். கழுத்திலிருந்த டையை எடுத்து வட்டமாகத் துடைத்தார். உள்ளே ஒருமுறை எட்டிப் பார்த்தார். பின்னால் விருந்தினர்கள் குடைகளை அக்குளில் இடுக்கிக்கொண்டு கை தட்டினார்கள். அவர் மறுபடி வாயைத் திறந்தார். கண்ணாடி மறுபடி வெளுத்தது.