அதிகாரி உட்காராத பந்தி

சிங்காநல்லூரில் தன் தாயார் ரங்கநாயகி பெயரில் அரங்கசாமி நடத்திவந்த முதியோர் இல்லத்துக்கு அன்று அரசு ஆய்வு. உரிமம் புதுப்பிக்கப்படாவிட்டால் வாசலில் இருக்கும் அம்மாவின் பெயர்ப்பலகையை இறக்க வேண்டியதுதான். ஆனாலும் அவர் வயிறு எரிந்துகொண்டிருந்ததற்குக் காரணம் வேறு. அவிநாசியில் இல்லம் நடத்தும் தேவானந்தத்துக்கு உரிமம் கிடைத்துவிட்டது. அதுகூடப் பரவாயில்லை.

"அந்த ஆபீசர் அம்மா எங்கியும் பச்சத்தண்ணி தொடமாட்டாங்களாமுங்க. தேவானந்தம் சார் இல்லத்துல மட்டும் உக்காந்து சாப்பிட்டாங்களாமுங்க" என்று டிரைவர் ரவிக்குமார் சொன்னதிலிருந்து அவருக்குத் தூக்கம் இல்லை.

மில் நடத்திய குடும்பம். கலெக்டர்கள் கை நனைத்த வீடு. நேற்று இல்லம் திறந்தவன் வீட்டில் சாப்பிட்டவள் இங்கே சாப்பிடாமல் போனால் ஊர் என்ன பேசும்? சமையல்காரர்களை வரவழைத்து வடை பாயசத்தோடு விருந்து ஏற்பாடு செய்துவிட்டார்.

அதிகாரி யாஸ்மின் வந்தார். காபியை மறுத்தார். குளியலறைத் தரையைக் கையால் தடவிப் பார்த்தார். மருந்து அலமாரியைத் திறந்து, காலாவதியான இருமல் மருந்து ஒன்றை வெளியே வைத்தார். எல்லாக் கேள்வியையும் நர்ஸ் ரெபேக்காவிடமே கேட்டார். அந்தப் பெண் முன்பு தேவானந்தத்திடம் வேலை பார்த்தவள் என்பது அரங்கசாமிக்கு அப்போதுதான் உறுத்தியது.

"அம்மணி, இலை போட்டாச்சுங்க. வந்து உக்காருங்க."

"வேலை முடியட்டுங்க ஐயா."

"நீங்க உக்காராம எங்க ஊட்ல பந்தி தொடங்காதுங்க."

யாஸ்மின் மாடிக்குப் போனார். அரங்கசாமி சமையலறை வாசலில் நின்று, விருந்தாளி உட்காரும்வரை ஒரு இலையிலும் சோறு விழக்கூடாது என்று சொல்லிவிட்டார். அவர் குடும்பத்தில் அதுதான் மரியாதை. கூடத்தில் முதியவர்கள் வெறும் இலையைப் பார்த்து உட்கார்ந்திருந்தார்கள்.

யாஸ்மின் இறங்கி வந்தபோது ராமாத்தாள் பாட்டியின் கைகள் நடுங்கிக்கொண்டிருந்தன. நெற்றியெல்லாம் வியர்வை.

"இவங்களுக்குச் சக்கரை ஊசி போட்டாச்சா?"

"அப்பவே போட்டாச்சுங்க மேடம்" என்றாள் ரெபேக்கா, சர்க்கரைத் தண்ணீரைப் புகட்டியபடியே. "ஊசி போட்டா உடனே சோறு குடுக்கோணும்னு ரெண்டு தடவை சொன்னேனுங்க. ஐயாதான் நீங்க உக்காரட்டும்னுட்டாருங்க."

பாட்டிக்கு நடுக்கம் நிற்கும்வரை யாஸ்மின் பக்கத்திலேயே இருந்தார்.

"அவிநாசியில மட்டும் சாப்பிட்டீங்களாமே, அம்மணி?" அரங்கசாமியால் அதைக் கேட்காமல் இருக்க முடியவில்லை.

"சாப்பிட்டேன். எல்லாரும் சாப்பிட்டு எந்திரிச்ச பெறகு, சட்டியில மிச்சம் கெடந்த ரசஞ்சோறு. இங்க எனக்காகக் காக்க வெச்சதுல இந்தம்மா மயங்கி விழப் பாத்தாங்க."

அரங்கசாமிக்கு முகம் கறுத்தது.

"சாப்பாடு, மருந்து ரெண்டும் நர்ஸ் பொறுப்பு, நடத்துறவர் தலையிடமாட்டார்னு கையெழுத்துப் போடுங்க. உரிமம் தர்றேன். இல்லைன்னா பூட்டச் சொல்லித்தான் எழுதணும்."

சம்பளம் வாங்கும் பெண்ணுக்குக் கட்டுப்படுவதா? வேட்டியை இறுக்கிக்கொண்டு வாசல்வரை போனார். அம்மாவின் பெயரை ஏறிட்டுப் பார்த்தார். திரும்பி வந்து கையெழுத்துப் போட்டார்.

யாஸ்மின் தண்ணீர்கூடக் குடிக்காமல் கிளம்பினார். கூடத்தில் ரெபேக்கா பரிமாறிக்கொண்டிருந்தாள். அரங்கசாமி தூணோரம் நின்று குரலைத் தாழ்த்தினார்.

"ஏனம்மணி, தேவானந்தத்துகிட்டயும் இந்த மாதிரி எழுதி வாங்குனாங்களா?"

"இல்லீங்க ஐயா. அவரு இல்லம் தொறந்த அன்னிக்கே தானா எழுதிக் குடுத்துப்போட்டாருங்க."

அரங்கசாமி வேட்டியை மறுபடி இறுக்கிக்கொண்டார். அதிலும் அவன் முந்திக்கொண்டான்.