எழுபதில் எழுந்த ஊளை

லகாட் தொழிற்பேட்டையின் கடைசிக் கொட்டகையில் கலாதேவி ஏழு மாதமாக ஒரே ஒரு பர்னரோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தாள். உலைக்குள் தீயை ஊதித் தள்ளும் முனைதான் பர்னர். கோப்பெங் பக்கம் பழைய அலுமினியத்தை உருக்கும் ஆலை ஒன்று அதைக் கேட்டிருந்தது. பக்கத்து ரசாயனத் தொழிற்சாலையில் மிஞ்சும் வாயு அந்த ஆலைக்குக் குழாய் வழியாக வரப்போகிறது. அதில் முக்கால்வாசிக்கு மேல் ஹைட்ரஜன்.

ஹைட்ரஜனுக்கு அவசரம் அதிகம். துளையை விட்டு வெளியே வருமுன் முனைக்குள்ளேயே பற்றிக்கொள்ளப் பார்க்கும். சூடும் அதிகம். தீ அளவு மீறிக் கொதித்தால் காற்றிலிருக்கிற நைட்ரஜன் நச்சுப்புகையாக மாறிவிடும். கலாதேவி இரண்டையும் ஒவ்வொன்றாக அடக்கினாள். ஒரு பெரிய துளைக்குப் பதில் முப்பத்திரண்டு சின்னத் துளைகள் போட்டாள். கொட்டகையிலிருந்த சோதனை உலைக்குள் எரிந்து முடிந்த புகையிலேயே கொஞ்சத்தை இழுத்துத் தீயோடு கலக்கவிட்டாள், சூடு தணிந்தது. நச்சுப்புகை பத்து லட்சத்தில் நாற்பது பங்கைத் தாண்டக் கூடாது என்பது ஆலையின் கணக்கு. அவளுடைய மீட்டர் முப்பத்தொன்று காட்டியது.

அது ஹைட்ரஜன் அறுபது விழுக்காட்டில் இருந்தபோது. திங்கட்கிழமை எழுபதைத் தொட்டதும் பர்னர் ஊளையிட ஆரம்பித்தது.

சும்மா சத்தம் இல்லை. கொட்டகைத் தகரம் நடுங்கியது. மேசைமேல் வைத்த கோப்பிக் குவளை தானாக நகர்ந்து விளிம்புக்குப் போனது. உதவிக்கு இருந்த பையன் சீனி, வாயுவை அடைத்துவிட்டு, "காதுக்குள்ள லோரி ஓடுற மாதிரி இருக்கு கலாக்கா," என்றான்.

துளைகளின் சாய்வை மாற்றிப் பார்த்தாள். ஊளை நின்றது, மீட்டர் தொண்ணூறுக்கு ஏறியது. பழைய சாய்வுக்குத் திரும்பினாள். மீட்டர் இறங்கியது, ஊளை வந்தது. வெள்ளிக்கிழமை ஆலையின் மேலாளர் லோ வந்து பார்ப்பதாகச் சொல்லியிருந்தார்.

செவ்வாய்க்கிழமை மத்தியானம், இரண்டு கொட்டகை தள்ளி மோட்டார்சைக்கிள்களுக்கு எக்ஸோஸ் என்னும் புகைக்குழாய் மாட்டும் கடை வைத்திருக்கும் கால்வின் வாசலில் வந்து நின்றான். கை முழுக்கக் கரி. சண்டை போடத்தான் வந்திருக்கிறான் என்பது நின்ற விதத்திலேயே தெரிந்தது.

"அக்கா, நேத்துலேர்ந்து என்னா செய்றீங்க இங்க? நான் காதால கேட்டு மோட்டோவுக்குக் குழா வெக்கிற ஆளு. உங்க சத்தத்துல என் எஞ்சின் சத்தம் எனக்கே கேக்கல லா."

"மன்னிச்சுக்குங்க அண்ணே. இன்னும் மூணு நாள்தான்."

"மூணு நாளா? என் பூனை நேத்தே ஓடிப் போச்சு."

கலாதேவிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவனும் கோபத்தைத் தொடர முடியாமல், "எதுதான் இப்படிக் கத்துது? ஒரு தரம் போட்டுக் காட்டுங்க," என்றான்.

காதுக்கு மூடி கொடுத்து, வாயுக் குழாய்களை விட்டுத் தள்ளி நிற்க வைத்துவிட்டு அவள் பர்னரை எழுபதுக்கு ஏற்றினாள். ஊளை வந்தது. கால்வின் மூடியை ஒரு பக்கம் லேசாகத் தூக்கிக் கேட்டான். காற்றை ஊதும் விசிறிப் பக்கம் போய் அங்கிருந்த தகரப் பெட்டியில் உள்ளங்கையை வைத்தான். கண்ணை மூடிக்கொண்டு அப்படியே நின்றான். சீனி வாயுவை அடைத்ததும் கால்வின் திரும்பினான்.

"இந்தப் பெட்டியும் சேந்துதான் கத்துது. ஒரே சுருதி. எக்ஸோஸ்ல இப்படி வந்தா நான் பக்கத்துல ஒரு மொட்டைக் குழா வெப்பேன். நுனி அடைச்ச குழா. சத்தம் அதுக்குள்ள போயி, திரும்பி வந்து, வர்ற சத்தத்தையே அடிச்சுப்புடும்."

கலாதேவி நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். அவளுக்குத் தெரியாத சங்கதி இல்லை அது. தீயும் உலையும் ஒன்றையொன்று உந்திக்கொண்டுதான் இந்த ஊளை எழுகிறது என்று முதல் நாளே கண்டிருந்தாள். மொட்டைக் குழாயையும் யோசித்தாள். ஆனால் யோசித்ததெல்லாம் உலைக்கு உள்ளே வைப்பதாகவே. ஆயிரம் டிகிரிக்கு மேல் எந்தக் குழாயும் தாங்காது என்று அன்றே அந்த எண்ணத்தைத் தள்ளிவிட்டாள். காற்று வரும் பக்கம் குளிர்ச்சியாகக் கிடப்பது மனதுக்கே வரவில்லை.

"அண்ணே, எவ்வளவு நீளம் வேணும்?"

"கேட்டதுக்கு ரெண்டரை அடின்னு தோணுது."

அவள் சத்தத்தின் அதிர்வைக் கருவியில் பார்த்து, தாளில் கணக்குப் போட்டாள். எழுபத்து மூன்று சென்டிமீட்டர். இரண்டரை அடிக்கு ஏறத்தாழ ஓர் அங்குலம் குறைவு. தாளை அவனிடம் நீட்டினாள். அவன் பார்த்துவிட்டு, "நான் கையால அளந்தா அப்படித்தான் ஒரு இஞ்ச் கூடும்," என்றான்.

புதன்கிழமை பத்து மணிக்குக் கால்வின் குழாயோடு வந்தான். உள்ளே ஒரு அடைப்பான். பின்னாலிருந்து ஒரு கம்பியைத் தள்ளினால் அடைப்பான் முன்னும் பின்னும் போகும். நீளத்தைக் கூட்டிக் குறைக்க அந்த ஏற்பாடு. கலாதேவி காற்றுப் பெட்டியில் ஓட்டை போட்டுத் தர, அவனே குழாயை அதோடு வெல்டிங் செய்தான். வாயுக் கசிவு பார்க்கும் கருவியை அவள் இரண்டு தடவை சுற்றிக் காட்டிச் சரிபார்த்த பிறகுதான் தீயை ஏற்றினாள்.

எழுபது. ஊளை.

கால்வின் கம்பியை மெல்ல இழுத்தான். ஒன்றும் ஆகவில்லை. இன்னும் இழுத்தான். ஊளை கொஞ்சம் கரகரத்தது. இன்னும் ஒரு விரற்கடை. திடீரென்று கொட்டகையில் விசிறி இரைச்சல் மட்டும் மிஞ்சியது. தகரம் அடங்கியது. சீனி, பர்னர் அணைந்துவிட்டது என்று பயந்து வால்வுக்கு ஓடினான்.

"அணையல, அணையல," என்று கலாதேவி கையைக் காட்டினாள். மீட்டரைப் பார்த்தாள். முப்பத்து மூன்று.

மீட்டரையே இன்னொரு நிமிஷம் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு கால்வினைப் பார்த்துத் தலையை ஆட்டினாள். அவன் கம்பியை விடாமல் பிடித்துக்கொண்டே, "விடலாமா அக்கா?" என்றான்.

ஆனால் ஹைட்ரஜனைத் தொண்ணூறுக்கு ஏற்றியபோது ஊளை மறுபடி வந்தது. இந்த முறை கீச்சுக் குரலில். முந்தைய இரண்டு நாளாக இருந்தால் அவளுக்கு அழுகை வந்திருக்கும். இப்போது வரவில்லை. சுருதி வேறு என்றால் குழாயும் வேறு, அவ்வளவுதான். வியாழக்கிழமை சாயங்காலத்துக்குள் அரையடி குறைச்சலாக இரண்டாவது குழாய் ஏறியது. அதுவும் அடங்கியது. அன்றைக்கு வீட்டுக்குப் போனவள் கணவர் மகேந்திரன் எடுத்து வைத்த சோற்றைச் சாப்பிட்டுவிட்டு எட்டரை மணிக்கே தூங்கிவிட்டாள்.

வெள்ளிக்கிழமை லோ வந்தார். ஐம்பது, எழுபது, தொண்ணூறு என்று ஏற்றச் சொன்னார். ஒவ்வொரு தடவையும் மீட்டரின் அருகே குனிந்து எண்ணைத் தானே குறித்துக்கொண்டார். அதிகபட்சம் முப்பத்தேழு. காற்றுப் பெட்டியிலிருந்து கொம்பு மாதிரி நீட்டிக்கொண்டிருந்த இரண்டு குழாய்களையும் தட்டிப் பார்த்து, இவை என்ன என்று மலாயில் கேட்டார். கலாதேவி விளக்கிவிட்டு, "இந்த யோசனை என்னுடையதில்லை, பக்கத்துக் கடை கால்வினுடையது," என்று சொல்லி, கால்வினைக் கூப்பிட்டுவரச் சீனியை அனுப்பினாள். லோ கால்வினிடம் கை நீட்டினார். இவனோ கரிக்கையை முதலில் சட்டையில் துடைத்துக்கொண்டான்.

அவர் போனதும் மூவரும் தேங்காய்ப்பால் சோறான நாசி லெமாக் பொட்டலத்தைப் பிரித்துச் சாப்பிட்டார்கள். பர்னர் இன்னும் எரிந்துகொண்டிருந்தது.

"அக்கா, இத்தனை நாளு சத்தத்தைத்தான் கேட்டேன். தீயை ஒரு தரம் பாக்கவா?"

உலைச் சுவரில் தடித்த கண்ணாடி பதித்த சின்னத் துளை வழியே பார்க்கச் சொன்னாள். கால்வின் ஒரு கண்ணை மூடி வெகுநேரம் பார்த்தான். எதிர்ச்சுவரின் செங்கல் ஆரஞ்சு நிறத்தில் கனன்றது. வேறு ஒன்றும் இல்லை.

"எங்க தீ? செங்கல்லுதான் தெரியுது."

"அங்கதான் எரியுது அண்ணே. சூட்டைப் பரப்பி விட்டுட்டோம்ல, அதனால கண்ணுக்குத் தெரியாது."

அவன் மறுபடி குனிந்து பார்த்தான். "கோப்பெங் உலை இதைவிடப் பெருசா?"

"நாலு மடங்கு. அங்க சுருதியே வேற. நீங்க வந்து கேட்டுச் சொல்லணும்."

"எப்ப?"

"புதன்கிழமை."

"புதன்கிழமை ரெண்டு மோட்டோ இருக்கு," என்றான் கால்வின். சோற்றை ஒரு வாய் போட்டுக்கொண்டான். "பரவால்ல, மோட்டோக்காரப் பிள்ளைங்ககிட்ட வியாழக்கிழமை வரச் சொல்லிடுறேன். காலையில ஏழு மணிக்குப் போலாம்."