நாலு பாய்ப் பச்சை

அக்ரி ஆபீசர் பத்து மணிக்கு வருவார் என்று சொல்லியிருந்தார்கள். பிச்சைக்கண்ணு ஏழு மணிக்கே வரப்புக்கு வந்துவிட்டார். உட்கார்ந்தார், எழுந்தார், முக்கூடல் ரோட்டில் மோட்டார் சைக்கிள் சத்தம் கேட்கிறதா என்று பார்த்தார், மறுபடி உட்கார்ந்தார். இல்லாத களையைப் பிடுங்கினார்.

நட்டு இருபத்தைந்து நாளான கார் பருவ நெல். ஒரு ஏக்கரும் துருப்பிடித்துக் கிடந்தது. கீழ் இலைகளில் பழுப்புப் புள்ளிகள் விழுந்து, ஒன்றோடொன்று சேர்ந்து, இலையே காய்ந்த புகையிலை நிறத்துக்கு வந்திருந்தது. தண்ணீர் பாயும் வாமடையை ஒட்டி நாலு பாய் விரிக்கிற அளவு இடம் மட்டும் கரும்பச்சையாக, முழங்கால் உயரத்துக்கு நின்றது. பிச்சைக்கண்ணுவை மாட்டிவிட்டது அந்தப் பச்சைதான்.

நிலம் ஹரிஹரசுப்பிரமணியன் வாத்தியாருடையது. டவுன் பள்ளிக்கூடத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அடியுரத்துக்கு ஒரு மூட்டை டி.ஏ.பி.யும், மானியத்தில் பத்து கிலோ ஜிங்க் உப்பும் அவர்தான் வாங்கிக் கொடுத்தார். போன வாரம் வந்து வயலைப் பார்த்தார். மூலையில் நின்ற பச்சையையும் பார்த்தார்.

"போட்ட இடத்துல பச்சையா நிக்கறது. அப்போ மிச்ச இடத்துக்குப் போடலை. என் ஜிங்க் எங்கடா போச்சு? எவன்ட்ட வித்தே?"

பதினோரு வருஷமாக அந்த வயலை, விளைச்சலில் பங்கு பிரிக்கும் வாரத்துக்கு உழுகிறவரிடம் கேட்ட கேள்வி. அடுத்த பிசானப் பருவத்துக்கு வேறு ஆள் பார்த்துக்கொள்வதாகவும் சொல்லிவிட்டுப் போனார். அன்றிலிருந்து பிச்சைக்கண்ணுவுக்குச் சோறு இறங்கவில்லை. சைக்கிளை மிதித்துக்கொண்டு போய், உரம் போட்ட விதத்தைச் சொல்லி, ஆபீசரைக் கெஞ்சிக் கூத்தாடி வரச் சொன்னது அவரேதான்.

இத்தனைக்கும் நடந்தது என்ன? தனித்தனியாகப் போட்டால் ரெண்டு தடவை ஆள் விட வேண்டும் என்று, இரண்டையும் ஒன்றாகக் கொட்டிக் கலந்து எறியச் சொன்னவரே வாத்தியார்தான். வரப்பில் குடை பிடித்துக்கொண்டு நின்று சொன்னார். பிச்சைக்கண்ணுவின் பெண்டாட்டி பூலம்மாள் மண்வெட்டியால் புரட்டிக் கலந்தாள். பையின் அடியில் ஈரத்தில் கட்டிதட்டி ஒட்டியிருந்த ஜிங்க்கை வீணாக்க மனமில்லாமல், ஆற்று மணலோடு உதிர்த்து வாமடை ஓரத்தில் தூவினாள். அவ்வளவுதான்.

பத்தரைக்கு ஆபீசர் தளவாய் வந்தார். பின்னாலேயே குடையோடு வாத்தியார். தளவாய் பேண்ட்டை மடித்துவிட்டு இறங்கி, ஒரு தூரைப் பிடுங்கி வேரைக் கழுவிப் பார்த்தார். வேர் கறுத்திருந்தது.

"ஜிங்க் எங்கயும் போகல. மண்ணுக்குள்ளதான் கெடக்கு" என்றார்.

பிச்சைக்கண்ணுவுக்கு அழுகையே வந்துவிட்டது. திரும்பி, வரப்பில் வந்து நின்ற பூலம்மாளைப் பார்த்தார்.

"கெடந்து என்ன செய்ய, பயிரு எடுக்க முடியலயே. டி.ஏ.பி.யோட கலந்துட்டீரு. அதுல உள்ள மணிச்சத்து, அதான் பாஸ்பரஸ், ஜிங்க்கப் பிடிச்சு வச்சுக்கிட்டுது. தண்ணில கரைஞ்சாத்தான வேரு குடிக்கும்? மணலோட தனியாப் போட்ட மூலை எப்படி நிக்கு, பாரும். போதாததுக்குத் தண்ணிய வேற கட்டியே வச்சிருக்கீரு. வடிச்சு விடும்வே, ரெண்டு நாள் வேரு மூச்சு விடட்டும். பெறவு ஜிங்க்கும் யூரியாவும் கரைச்சு எல மேல அடியும். தேறிரும்."

முறை வைத்து வந்த தண்ணீரை வடிப்பதா என்று, வேறொரு நாளாக இருந்தால் பிச்சைக்கண்ணு சண்டைக்கே போயிருப்பார். இன்று எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். திருடன் இல்லை என்று ஆகிவிட்டதே!

தளவாய் பையிலிருந்து தாளை எடுத்தார். "மானியச் சரக்கு, ரிப்போர்ட் எழுதணும். கலக்கச் சொன்னது யாரு?"

வாத்தியார் குடையை மடக்கினார். மெதுவாகக் கேட்டார்.

"நானா சொன்னேன், பிச்சைக்கண்ணு?"

பதினோரு வருஷத்தில் 'டா' போடாமல் அவர் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. பிச்சைக்கண்ணுவுக்குப் புரிந்துவிட்டது. ஆமாம் என்றால் பிசானத்துக்கு வயல் கிடையாது.

"இல்ல சாமி. நானாத்தான் கலந்தேன். வெவரம் தெரியாம."

"நீரு என்ன சொல்லுதீரு?" என்றாள் பூலம்மாள். "அன்னைக்கி அங்கன நின்னு..."

"சும்மா கெட."

தளவாய் மூவரையும் ஒரு தடவை பார்த்துவிட்டு, எழுதினார். 'பயிரிடுபவர் அறியாமையால் தவறாகக் கலந்து இட்டுள்ளார்.' தாளை நீட்டினார்.

பிச்சைக்கண்ணு கைச்சேற்றை வேட்டியில் துடைத்தார். வாத்தியார் சட்டைப் பையிலிருந்து தன் பேனாவை எடுத்துக் கொடுத்தார். பிச்சைக்கண்ணு ஒவ்வொரு எழுத்தாகத் தன் பெயரை எழுதி முடித்தார். வாத்தியார் எட்டிப் பார்த்தார்.

"நடுவுல 'க்' எங்கடா? உன் பேரையே உனக்கு ஒழுங்கா எழுதத் தெரியலை."

பிச்சைக்கண்ணு குனிந்து, இருந்த கொஞ்ச இடத்தில் அந்த 'க்'கை நுழைத்து எழுதினார்.