பந்தியில் எழக்கூடாது

கழுத்தில் பட்டை கட்டிய பெண் பச்சடி வாளியோடு பந்திக்குள் வந்தால் இண்டூர் சனம் இலையைப் பார்க்குமா, அவளைப் பார்க்குமா? கல்யாணம் அந்தோணி பிரகாஷுக்கு. பட்டை கட்டிய மோனிஷா அவனுக்குச் சித்தப்பா மகள். பரிமாற வந்ததில் தப்பில்லை. தலை குனிய முடியாததால் ஒவ்வொரு இலைக்கும் முழங்காலை மடக்கி இறங்கி எழுந்தாள். வாளியை வாங்க வந்த தம்பி ஃபிராங்க்ளினிடம், நீ செல்போனைப் பிடி, அது போதும் என்றாள்.

வரிசையின் நடுவில், சுவருக்கும் மேஜைக்கும் இடையில், மாங்கூழ் வியாபாரி பிரபாகர் உட்கார்ந்திருந்தார்.

போன தை மாதம் துபாயிலிருந்து பெங்களூர் வந்த விமானத்தில் அவர் பயணி, அவள் பணிப்பெண். விமானம் ஆட ஆரம்பித்ததும் பணிப்பெண்களும் பெல்ட் போட்டு உட்காரும்படி கேப்டன் உத்தரவிட்டார். எல்லாரும் உட்கார்ந்தார்கள். பிரபாகர் மட்டும் எழுந்து, சென்ட் பாட்டில்கள் பத்திரமா என்று தலைக்கு மேலிருந்த பெட்டி அறையைத் திறந்தார். மோனிஷா கத்தியது அவர் காதில் ஏறவில்லை. கீழே கைக்குழந்தையோடு ஒருத்தி இருந்தாள். மோனிஷா பெல்ட்டைக் கழற்றி ஓடி, மூடியை அடைத்து, அவரை அமுக்கி உட்காரவைத்தாள். அவர் பெல்ட் போட்டுக்கொண்டார். அடுத்த நொடி விமானம் திடீரென்று கீழே சரிந்தது. அவள் கூரையில் மோதி விழுந்தாள். கழுத்தெலும்பு விரிசல் விட்டது. பாட்டில் ஒன்றுகூட உடையவில்லை.

உத்தரவை மீறி ஏன் எழுந்தாய் என்று கேட்ட கம்பெனி, விசாரணை முடியும்வரை சம்பளமில்லாமல் வீட்டில் இருக்கச் சொன்னது. பிரபாகரைப் போனில் விசாரித்தபோது, தான் அசையவே இல்லை என்றார். அம்மா ஜெயராணி உண்மையைச் சொல்லும்படி கெஞ்சப் போனாள். அவர் தன் வீட்டு கேட்டுக்கு வெளியே நிற்கவைத்து, பார்க்கலாம் என்றார். காரிமங்கலம் சந்தையில் அவர் சொன்ன கதையே வேறு: விழுந்த பெண்ணை இரண்டு கையாலும் தாங்கிப் பிடித்தாராம். இன்னும் இரண்டு சந்தை கூடியிருந்தால் விமானத்தையே அவர்தான் தரையிறக்கியிருப்பார்.

மோனிஷா அவர் இலைக்கு முன் நின்றாள்.

"பிரபாகரண்ணா, அன்னிக்கு பிளேன் ஆடுனப்ப நீங்க ஏன் எந்திரிச்சீங்க?"

சாப்பிடுகிற இடத்தில் என்ன பேச்சு என்று அவர் எழுந்திருக்க மேஜையில் கை ஊன்றினார். பந்தி முடியுமுன் ஒருவர் எழுவது பக்கத்து இலையில் எச்சில் துப்புகிற மாதிரி. பக்கத்திலிருந்த மாது என்கிற கிழவர் எலும்பை வாயிலிருந்து எடுக்காமலே பிரபாகரின் மணிக்கட்டைப் பிடித்தார்.

"உக்காருப்பா. நாங்க இன்னும் திங்கறோம்."

"உக்காருங்கண்ணா," என்றாள் மோனிஷா, விமானத்துக் குரலில். "அன்னிக்கும் இதத்தான் சொன்னன்."

யாரோ சிரித்தார்கள். அவள் ஒரு கரண்டி பச்சடி வைத்தாள். மறுபடி கேட்டாள், மறுபடி வைத்தாள். தயிர் இலை ஓரத்தைத் தாண்டி அவர் வெள்ளை வேட்டியில் சொட்டியது.

"எந்திரிச்சன்மா. பாட்டிலு ஒடஞ்சிடுமேன்னு எந்திரிச்சன். போதுமா?"

"உக்கார வெச்சது யாரு?"

"நீதான்."

"நான் உளுந்தப்ப தாங்கிப் புடிச்சது?"

அவர் இலையைப் பார்த்தார். "தெரியாது. நான் கண்ண மூடிக்கிட்டு இருந்தன்."

பந்தி முழுக்கச் சிரித்தது. ஃபிராங்க்ளின் கை ஆடாமல் படம் பிடித்தான்.

வீடியோ கம்பெனிக்குப் போனது. அடுத்த வாரம் பதில் வந்தது. பிரபாகர் மூன்று மாதம் விமானம் ஏறக்கூடாது. அவருடைய துபாய் வியாபாரம் அதோடு கைவிட்டுப் போனது. ஏறக்கூடாது என்ற வரியை மோனிஷா உரக்கப் படித்தாள். ஜெயராணி இன்னொரு தரம் படிக்கச் சொன்னாள்.

அதற்குக் கீழே இருந்ததை மோனிஷா மனசுக்குள் படித்தாள். பயணி எழுந்தது உறுதியாகிறது. அவரை உட்காரவைக்க மோனிஷா பெல்ட்டைக் கழற்றியதும் அதே வீடியோவில் உறுதியாகிறது. வேலையிலிருந்து நீக்கப்படுகிறார். சீருடை, பேட்ஜ், கழுத்தில் கட்டும் சில்க் ஸ்கார்ஃப் ஆகியவற்றைத் திருப்பி அனுப்பவும்.

குனிய முடியாததால் ஸ்கார்ஃபைக் கண்ணுக்கு நேராகத் தூக்கிப் பிடித்து, சுருக்கமில்லாமல் மடித்துப் பெட்டியில் வைத்தாள். கழுத்துப் பட்டையைக் கம்பெனி கேட்கவில்லை. அது ஜெயராணி தருமபுரி மெடிக்கலில் வாங்கியது.