கனைப்பு

சனிக்கிழமை மத்தியானம், தொண்டை வரைக்கும் வந்துவிட்ட கனைப்பை லோகநாதன் விழுங்கினான்.

அம்பத்தூரில் அந்தப் பாங்குக் கிளையில் கனைப்புக்கும் சளிக்கும் சம்பந்தமில்லை. பக்கத்து ஸ்டூல் எத்திராஜ் கணக்கில் தப்புப் போட்டால் லோகநாதன் கனைப்பான். லோகநாதன் போட்டால் எத்திராஜ். மை காய்வதற்குள் தப்பு திருந்திவிடும். கிளையின் கௌரவம் பல வருஷமாக இந்த இரண்டு தொண்டைகளில்தான் இருந்தது.

யுத்தம் தொடங்கிய மறு வருஷம் நாகேந்திரன் கிளைக்குத் தலைமை அதிகாரியாக, ஏஜெண்டாக, வந்தார். பம்பாயில் மூன்று வாரம் நிர்வாகம் படித்தவர். மிச்ச ஆயுளை அதைச் சொல்வதற்கென்றே ஒதுக்கியிருந்தார். வந்ததும் இரண்டு சீர்திருத்தம். குமாஸ்தாக்கள் வாடிக்கைக்காரரிடம் பெயர், ஊர், தொகை தவிர வேறு பேச்சுப் பேசக்கூடாது. மாதக் கடைசியில், தப்பு குறைந்தவருக்குச் சாய்மானமும் கையும் வைத்த நாற்காலி. மற்றவருக்கு அதே மொட்டை ஸ்டூல். லோகநாதனுக்கு இடுப்பு வலி. ராத்திரி புரண்டு படுக்கக்கூடப் பெண்டாட்டி தாயம்மா கைகொடுக்க வேண்டும். அந்தச் சாய்மானத்தை அவன் கோபுரத்தைப் பார்ப்பதுபோலப் பார்த்துக்கொண்டிருந்தான்.

கள்ளிக்குப்பத்தில் வேம்புலி என்ற பெயரில் இரண்டு வாடிக்கைக்காரர்கள். ஒருவருக்கு மாடு, மற்றவருக்குச் செங்கல் சூளை. இருவரும் பாஸ்புத்தகத்தைப் பத்திரமாகப் பரணில் வைத்துவிட்டு வெறுங்கையோடு வருகிறவர்கள். எத்திராஜுக்கோ முகம் மனதில் தங்காது. "இன்னா நைனா, பசு கன்னு போட்டுச்சா?" என்று கேட்பான். "பசுவுக்கு நான் எங்க போவேன், சூளைதான் கீது" என்றால் ஆள் தெரிந்துவிடும்.

இப்போது கேட்கக்கூடாது. அந்தச் சனிக்கிழமை சூளை வேம்புலி முழங்கைவரை செம்மண் தூசியோடு வந்து பணம் கட்டினார். எத்திராஜ் சட்டப்படி மூன்றே கேள்வி கேட்டு, மாட்டு வேம்புலியின் கணக்கில் எழுதினான். லோகநாதன் பார்த்தான். மாதக் கடைசி நாள். அதுவரை இருவருக்கும் ஒரு தப்பும் இல்லை. அவன் கூஜாவைத் திறந்து தண்ணீர் குடித்தான்.

திங்கட்கிழமை சூளை வேம்புலி கூலிப் பணம் எடுக்க வந்தார். இல்லையென்றதும் தெருவே திரும்பிப் பார்க்கக் கத்தினார். "ஆளுக்கு ஆள் வித்தியாசம் தெரியாதவர் பாங்குக்கு வேண்டாம்" என்று நாகேந்திரன் எத்திராஜை அனுப்பிவிட்டு, லோகநாதனுக்கு நாற்காலியைக் காட்டினார்.

எத்திராஜ் குடையை எடுத்துக்கொண்டு கிட்டே வந்தான். "இன்னா லோகு, தொண்ட கட்டிகினு கீதா? மிளகு கஷாயம் வச்சிக் குடி மச்சான்."

கேலியா, கரிசனமா என்று லோகநாதனுக்குத் தெரியவில்லை. சாயங்காலம்வரை சாய்ந்து உட்கார்ந்தும் இடுப்பு வலித்தது.

ஸ்டேஷனில் எத்திராஜ் இருந்தான். வேலை போனதை வீட்டில் எப்படிச் சொல்வதென்று தெரியாமல், தினமும் இருவரும் போகும் பட்டாபிராம் வண்டிக்கே காத்திருந்தான் போலும். கடலைப் பொட்டலத்தைப் பிரித்து, பழக்கத்தில் பாதியை உள்ளங்கையில் கொட்டி, திரும்பிப் பார்க்காமலே பக்கத்தில் நீட்டினான்.

லோகநாதன் வாயைத் திறந்தான். வண்டி ஊதிக்கொண்டு நுழைந்தது. புகைக்குள் அந்தக் கை மட்டும், கடலையோடு, நீட்டியபடியே தெரிந்தது.