சிவப்புப் பக்கம், நீலப் பக்கம்

"பவர் சப்ளை ஒண்ணு போதும்மா. உன் வீட்ல தலைக்கு மேல ரெண்டு ஃபேனா சுத்துது?" என்று பிராண்டு கேட்டதும் ஆபீஸே சிரித்தது. நான் சிரிக்கவில்லை.

பிராண்டு என்பது எங்கள் சீனியருக்கு நாங்கள் வைத்த பெயர். பெரிய கம்பெனி முத்திரை இல்லாத பொருளை அவர் கையால் தொடமாட்டார். எங்களுடையது சின்ன ஆபீஸ். கிளினிக்குகளுக்கு டோக்கன் போட்டுத் தரும் ஆப் நடத்துகிறோம். அது ஓடுகிற சர்வர் இழுத்துக்கொண்டு கிடந்தது. புதிதாக ஒன்றை டேட்டா சென்டரில் வைக்கவேண்டும். ரெடிமேடாக வாங்கலாம் என்றார் பிராண்டு. பாகம் பாகமாக நானே தேர்ந்தெடுத்துக் கட்டுகிறேன் என்றேன்.

முதலாளி என்னைப் பார்த்தார். "கட்டு. அங்க வெச்சு டெஸ்ட் பாஸ் ஆச்சுன்னா சிஸ்டம் பொறுப்பு உனக்கு. ஆகலன்னா பேசாம போன் டேபிளுக்கே போயிடு."

போன் டேபிள் என்றால் புகார் கேட்கும் இடம். எங்கள் குடும்பத்தில் முதல் டிகிரி என்னுடையது. அதைப் புரட்டிக்கூடப் பார்க்காமல், "குரல் நல்லா இருக்கு" என்று சொல்லி உட்காரவைத்தார்கள். என் குரல் எப்படி என்று எங்கள் தெருவில் கேட்டுப் பாருங்கள், சொல்வார்கள்.

சர்வர் என்பது மூன்று விரல் உயரம்கூட இல்லாத பெட்டி. உள்ளே பெரிய ஃபேனுக்கு இடமில்லை. அதனால் வேகமான பிராசசரை விட்டுவிட்டுச் சூடு குறைவானதை எடுத்தேன். மெமரி, சின்னத் தப்பு வந்தால் தானே திருத்திக்கொள்ளும் ரகம். டிஸ்க் இரண்டையும் வேறு வேறு கடையில் வாங்கினேன். ஒரே லாட்டில் வந்தவை ஒன்றாகவே படுத்துவிடலாம். பவர் சப்ளை மட்டும் கண்டிப்பாக இரண்டு. ஒன்று செத்தாலும் இன்னொன்று பெட்டியைத் தூக்கி நிறுத்தவேண்டும். டோக்கன் நின்றுபோனால் காய்ச்சல்காரர்கள் வாசலில் நிற்பார்கள். அவர்கள் யாரைத் திட்டுவார்கள் என்று போன் டேபிளில் இருந்தவளுக்குத் தெரியும்.

வீட்டில் கட்டிலின்மேல் வைத்துத்தான் கட்டினேன். ஆஸ்பத்திரியில் தரை துடைத்துவிட்டு வந்த அம்மா எட்டிப் பார்த்தாள்.

"ஏண்டி, இது கடையில கிடைக்காதா?"

"கிடைக்கும்மா. கடைக்காரன் கட்டினா நாளைக்கு எல்லாத்துக்கும் அவன்கிட்டதான் போய் நிக்கணும். நான் கட்டினா என்கிட்ட கேப்பாங்க."

"உன்கிட்ட கேட்டா நீ ஒழுங்கா பதில் சொல்லுவியாக்கும். வீட்ல சொல்றதே இல்ல."

சொல்லிவிட்டு, கட்டிலுக்குப் பக்கத்தில் காயப்போட்டிருந்த ஈரத்துணியை எடுத்துக்கொண்டு போனாள்.

டேட்டா சென்டருக்கு முதலாளியும் பிராண்டும் கூட வந்தார்கள். சர்வர்களை அடுக்கும் ரேக்குக்கு முன்னால் குளிர் நடுக்கியது. பின்னால் போனால் அனல். நடுவில் ஆயிரம் மிக்சி ஓடுகிற இரைச்சல். அங்கிருந்த டெக்னீஷியன் நேராகப் பிராண்டிடம் போனார். "இன்ஜினியர் நீங்கதானே சார்?" பிராண்டு மறுக்கவில்லை. நான் பெட்டியைத் தூக்கி ரேக்கில் தள்ளினேன்.

"பின்னாடி வயர் வேலைய நான் பாத்துக்கறேன், உனக்குக் கை எட்டாது" என்று பிராண்டு பின்பக்கம் போனார். வேண்டாம் என்பதற்குள் ஆள் மறைந்துவிட்டார். அவர் திரும்பி வந்ததும் பெட்டியை ஓடவிட்டேன்.

ரேக்கின் பின்னால் இரண்டு பிளக் வரிசைகள். ஒன்று சிவப்பு, ஒன்று நீலம். இரண்டுக்கும் தனித்தனி லைனில் கரண்ட் வருகிறது. ஒன்றை நிறுத்தினாலும் பெட்டி ஓடவேண்டும், அதுதான் டெஸ்ட். டெக்னீஷியன் சிவப்பை நிறுத்தினார்.

பெட்டி செத்தது.

முதலாளி என்னைப் பார்த்தார். பிராண்டு டீலருக்குப் போன் போடவே ஆரம்பித்துவிட்டார். "அப்பவே சொன்னேன் சார். கட்டில்மேல கட்டின பொட்டி."

அனலுக்குள் போய்ப் பார்த்தேன். இரட்டை ஜடை மாதிரி வாரிக் கட்டி, இரண்டு வயரும் சிவப்பில்.

"சார், ரெண்டையும் ஒரே பக்கம் சொருகியிருக்கீங்க."

"அங்கொண்ணு இங்கொண்ணு தொங்கினா அசிங்கமா இருக்கும்மா. இதான் நீட்டு."

"அப்ப ரெண்டு சப்ளை எதுக்கு வாங்கினேன்னு நெனச்சீங்க, ஜோடிப் பொருத்தம் பாக்கவா?"

டெக்னீஷியன் இருமினார். பிராண்டின் முகம் சிவப்புப் பக்கம் சேர்ந்துகொண்டது.

"சரி விடுங்க, இன்னொரு நாள் பாத்துக்கலாம்" என்றார் முதலாளி.

இன்னொரு நாள் என்றால் போன் டேபிள்.

"இல்ல சார். இப்பவே."

வயர்களைக் கட்டியிருந்த பட்டையை வெட்டினேன். ஒரு வயரை இழுத்து நீலத்தில் சொருகினேன். குறுக்கே தொங்கியது, அசிங்கமாகத்தான். சிவப்பில் கரண்ட் வந்ததும் பெட்டியை மறுபடி ஓடவிட்டு, "நிறுத்துங்கண்ணா" என்றேன்.

சிவப்பு போனது. ஒரு விளக்கு அணைந்தது. பெட்டி ஓடியது.

"போதும்மா" என்றார் பிராண்டு.

"எனக்குப் போதல. சிவப்பப் போட்டுட்டு நீலத்த நிறுத்துங்கண்ணா."

நீலம் போனது. அப்போதும் ஓடியது. முதலாளி மெதுவாகத் தலையாட்டினார்.

டெக்னீஷியன் பெட்டியில் ஒட்ட லேபிள் எடுத்தார். "ஏதாவது ஆச்சுன்னா யாருக்குப் போன் பண்ணணும்?"

"என் நம்பரப் போடுங்க" என்றார் பிராண்டு. "கண்ட நேரத்துல பொண்ணுக்குப் போன் வந்தா வீட்ல நல்லா இருக்காது."

"வரட்டும் சார். புகார் போன் எடுக்கத்தானே என்னை வெச்சிருந்தீங்க, நல்லாவே பழகிடுச்சு." முதலாளியைப் பார்த்தேன். "சொன்ன சொல்லு அப்படியேதான சார் இருக்கு?"

"அவ நம்பரே போடுங்க" என்றார் அவர்.

நம்பரைச் சொன்னேன். டெக்னீஷியன் காதருகே கையை வைத்தார். "சத்தத்துல ஒண்ணும் கேக்கல. கத்திச் சொல்லுங்க."

கத்தினேன். அடுத்த வரிசையில் வேலை பார்த்தவர்கள்கூடத் திரும்பிப் பார்த்தார்கள்.